நடுவழியில் நின்ற இன்ஜின்: ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்று வருஷத்துக்கு முன்பு ஈப்போவிலிருந்து சிங்கப்பூர் திரும்பும் வழியில், ஜொகூரில் மாச்சாப் என்ற ஊரைத் தாண்டியதும் எங்கள் ஏழு இருக்கை டீசல் வண்டி மூச்சை நிறுத்திக்கொண்டது. உத்தரவாதம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. புது இன்ஜினோடு வண்டி வீடு வந்து சேரப் பதினொரு வாரம் ஆனது. அதிலிருந்து சொந்தத்தில் யார் வண்டி நின்றாலும் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. சொன்னதையே சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மெக்கானிக்கும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுவிட்டால் முதலில் என்ன செய்வது?

சாவியைத் தொடாதீர்கள். இன்ஜின் நின்றதும் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும், ஆனால் பலமாகத் திருப்பினால் திரும்பும். மிதியை இலேசாக்கித் தரும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். விட்டு விட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்துபோகும். அதனால் ஒரே மிதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹசார்ட் விளக்கைப் போடுங்கள், இருக்கிற வேகத்திலேயே இடப்பக்க ஓரத்துக்கு உருண்டு போங்கள். சாவி திருகும் வண்டியாக இருந்தால், உருளும்போதே சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அந்தத் தவறை மட்டும் செய்யக்கூடாது.

நின்ற பிறகு எல்லாரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்பு வேலிக்கு அப்பால் போய் நில்லுங்கள். ஏசி இல்லாமல் உள்ளே வேகிறதே என்று வண்டிக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்து.

ஓரம் கட்டியதும், இறங்குவதற்கு முன், ஐந்து விநாடி செலவழித்து டேஷ்போர்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த விளக்கு எரிகிறது, வெப்பமுள் எங்கே நிற்கிறது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது எல்லாம் அதில் தெரிய வேண்டும். பின்னால் நடக்கப்போகும் வாக்குவாதத்தில் இந்தப் படம் உங்கள் பக்கம் பேசும். "சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியிருக்கிறீர்கள்" என்று சொல்லப்படும்போதுதான் அதன் அருமை தெரியும்.

சிங்கப்பூர் விரைவுச்சாலையில் நின்றால் யாரைக் கூப்பிடுவது?

பிஐஇ, ஏஒய்இ, சிடிஇ என எந்த விரைவுச்சாலையாக இருந்தாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இமாஸ் மீட்புச் சேவை இருக்கிறது. பெரும்பாலும் நீங்கள் கூப்பிடுவதற்குள் கேமராவில் பார்த்துவிட்டு அவர்களே வந்துவிடுவார்கள். அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்தம் வரை இலவசமாக இழுத்துப் போய் விடுவார்கள். அங்கிருந்து பட்டறைக்குக் கொண்டுபோவது உங்கள் செலவு, இல்லையென்றால் உங்கள் காப்புறுதி அல்லது உத்தரவாதத் திட்டத்தின் செலவு. சாலையோரமாக வந்து நின்று "நான் இழுத்துத் தரட்டுமா பாஸ்" என்று கேட்கும் தனியார் இழுவை வண்டிக்கு அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம்.

இழுவை வண்டிக்காரர் முன்சக்கரத்தை மட்டும் தூக்குகிறேன் என்கிறார். விடலாமா?

விடக்கூடாது. சாதாரண முன்சக்கர டிரைவ் காருக்கு அது சரி. எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டியில் இரண்டு சக்கரம் தரையில் உருண்டால், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சென்டர் டிஃபரன்ஷியலும் உள்ளே சுற்றிச் சூடேறிக் கெட்டுப்போகும். இன்ஜின் போனது போதாதென்று அதுவும் போகும். அதைவிட மோசம், "இழுத்து வந்ததில் கெட்டது" என்று சொல்லி உத்தரவாதத்தில் அந்தப் பாகத்தையும் தள்ளிவிடுவார்கள். போனில் பேசும்போதே "ஃபோர் வீல் டிரைவ், பிளாட்பெட் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். வண்டியை முழுசாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரி அது.

வீட்டுக்குக் கீழே அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் நின்றுவிட்டால் பிளாட்பெட் உள்ளே நுழையாது, உயரம் இடிக்கும். நான்கு சக்கரத்துக்கும் அடியில் சின்னச் சக்கரப் பலகை வைத்து வெளியே தள்ளிக்கொண்டு வருவார்கள். எந்த மாடி, உயர வரம்பு எவ்வளவு என்று முன்கூட்டியே சொன்னால் அதற்கான ஆளோடு வருவார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ஓட்டிக்கொண்டு போய்விடலாமா?

ஆயில் அழுத்த விளக்கோ வெப்ப விளக்கோ எரிந்திருந்தால், அல்லது நிற்பதற்கு முன் டக் டக் என்று உலோகச் சத்தம் கேட்டிருந்தால், ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்ய வேண்டாம். தண்ணீரில் இறங்கி நின்றிருந்தாலும் அதே பதில்தான்.

இந்த அறிகுறி எதுவும் இல்லாமல், சூடானதும் நின்று, ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால், இன்ஜின் தண்டு சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க்ஷாஃப்ட் சென்சார் போன்ற சின்னச் சாமானாக இருக்கலாம். எரிபொருள் பம்பாகவும் இருக்கலாம். "இன்ஜின் போச்சு" என்று அழுதுகொண்டு வந்த என் மைத்துனர் வண்டியில் போயிருந்தது அந்தச் சென்சார்தான். அப்படியே இருந்தாலும் விரைவுச்சாலையில் இன்னொரு தடவை நின்றால் என்ன ஆவது? இழுத்துப் போவதே நல்லது.

நன்றாக ஓடின இன்ஜின் திடீரென்று ஏன் சாகிறது?

நமக்குத்தான் அது திடீர். உள்ளே ரொம்ப நாளாக நடந்துகொண்டிருக்கும்.

வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டோ செயினோ அறுந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதி ஒரு நொடியில் எல்லாம் முடியும். கூலன்ட் ஒழுகி சூடேறினால் சிலிண்டர் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை.

தெரியாத கதை ஆயிலில் இருக்கிறது. நம் ஊரில் டீசல் வண்டி ஓட்டும் விதத்தை நினைத்துப் பாருங்கள். அங் மோ கியோவிலிருந்து தோ பாயோ, அங்கிருந்து தேக்கா, திரும்ப வீடு. எந்தப் பயணமும் இருபது நிமிஷத்தைத் தாண்டாது. டீசல் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி, அதாவது டிபிஎஃப், தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டமும் சூடும் தேவை. அந்தச் சூட்டைக் கொண்டுவர பல இன்ஜின்கள் சிலிண்டருக்குள் கூடுதல் டீசலைத் தெளிக்கும். சுத்தம் பாதியில் இருக்கும்போது நாம் வண்டியை நிறுத்திவிடுகிறோம். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போகிறது, அளவும் ஏறுகிறது. ஆயில் குறைந்தால் பயப்படுகிற நாம் ஏறினால் "பரவாயில்லையே, ஆயிலே குடிக்கவில்லை" என்று சந்தோஷப்படுகிறோம். அந்த நீர்த்த ஆயிலால், இன்ஜினின் சுழல்தண்டைத் தாங்கும் கிராங்க்ஷாஃப்ட் பேரிங்கைக் காப்பாற்ற முடியாது.

எங்கள் வண்டியில் நடந்தது இதுதான். காக்கி புக்கிட்டில் முப்பது வருஷம் வண்டி பார்த்த ஒரு பெரியவரை, நண்பனின் அப்பா அவர், முகவரின் பட்டறைக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் என் கண் முன்னால் வெட்டிக் காட்டுங்கள். வெட்டினார்கள். உள்ளிருந்த காகித மடிப்பை ஆர்மோனியத் துருத்தி மாதிரி விரித்து டார்ச் அடித்தார். மடிப்புக்கு மடிப்பு செம்பு நிறத்தில் மினுமினுத்தது, யாரோ ஜிகினாத் தூளைக் கொட்டி வைத்ததுபோல. "வெள்ளையா இருந்தா அலுமினியம், வேற எங்கேயோ தேயுது. இது செம்பு தம்பி. பேரிங்கோட மேல்தோல் போய் அடித்தோல் தெரியுது," என்றார். அதற்குப் பிறகு சர்வீஸ் ஆலோசகர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

தயாரிப்பிலேயே குறை இருப்பதும் உண்டு. 2024இல் டொயோட்டா அமெரிக்காவில் 2022, 2023ஆம் ஆண்டு டண்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகள் சுமார் 100,000ஐத் திரும்ப அழைத்தது. இன்ஜினைக் கடைந்தபோது உள்ளே தங்கிவிட்ட உலோகத் துகள் பேரிங்கைக் கெடுத்து, ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடலாம் என்பதுதான் காரணம். உறுதிக்குப் பேர்போன நிறுவனத்துக்கே இப்படி. உங்கள் வண்டிக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் சரிசெய்ய உங்களிடம் காசு கேட்கமாட்டார்கள்.

மலேசியாவில் நின்றுவிட்டால்?

பிளஸ் நெடுஞ்சாலையாக இருந்தால் அவர்களுடைய ரோந்து வண்டி வந்து உதவும், பாதுகாப்பான இடம் வரை கொண்டுபோய் விடும். அதற்கு அப்பால்தான் செலவு. ஜொகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர்ப் பட்டறை வரை இழுத்து வரும் செலவு உங்கள் காப்புறுதியில் அடங்குகிறதா, எத்தனை கிலோமீட்டர் வரை என்பதைப் புறப்படும் முன்பே பாருங்கள். சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கத்தின் உறுப்பினர் திட்டத்தில் மேற்கு மலேசிய உதவியும் உண்டு. பத்துமலைக்கும் கேமரன் மலைக்கும் வருஷா வருஷம் போகிறவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

அங்கே உள்ளூர்ப் பட்டறையில் இன்ஜினைத் திறக்க விடாதீர்கள். வாசலில் நிற்கும் பையன் நல்லவனாகவே இருக்கட்டும். அவன் ஒரு போல்ட்டைக் கழற்றினால்கூட, "வெளியாள் திறந்த இன்ஜின்" என்ற வார்த்தை இங்கே காத்துக்கொண்டிருக்கும். எங்கள் வண்டி நின்ற அன்று ராத்திரி அம்மா குலாயில் ஒரு ஓட்டல் அறையில் தங்கினார்கள், மீதிப் பொங்கல் வாளியோடு. வண்டியை மறுநாள் காலைதான் பிளாட்பெட்டில் ஏற்றினோம்.

உத்தரவாதம் இருக்கிறது. ஆனாலும் இன்ஜினைத் திறந்து பார்க்க என் கையெழுத்தும் காசும் கேட்கிறார்கள். ஏன்?

எல்லாச் சண்டையும் இங்கேதான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

காரணம் தெரிய இன்ஜினைக் கழற்ற வேண்டும். கழற்றின பிறகு "இது உத்தரவாதத்தில் வராது" என்று முடிவானால் கழற்றின கூலி உங்கள் தலையில் விழும். அதற்குத்தான் அந்தக் கையெழுத்து. கேட்பது தவறில்லை, கண்ணை மூடிக்கொண்டு போடுவதுதான் தவறு. போடும் முன் நான்கு விஷயம் எழுத்தில் வரட்டும். கூலி அதிகபட்சம் எவ்வளவு? உத்தரவாதத்தில் ஏற்றுக்கொண்டால் அந்தக் கூலி ரத்தாகுமா? திறக்கும் நாளில் நானோ என் மதிப்பீட்டாளரோ கூட இருக்கலாமா? கழற்றின பாகங்கள், பழைய ஆயில், ஃபில்டர் எல்லாம் தகராறு தீரும்வரை பத்திரமாக வைக்கப்படுமா?

வாட்ஸ்அப்பில் "ஓகே பாஸ், நோ பிராப்ளம்" என்று வருவது பதில் ஆகாது. மின்னஞ்சல் போடுங்கள். நேரில் பேசியதையும் அன்று மாலையே "இன்று நீங்கள் சொன்னது இதுதான், தவறென்றால் திருத்தவும்" என்று நாலு வரி அனுப்பி வையுங்கள். மறுத்து எழுத மாட்டார்கள். அந்த மௌனம் பின்னால் பயன்படும்.

எங்களுக்கு முதலில் வந்த பதில், "ஆயில் பராமரிப்பு சரியில்லை, பாதி விலை நாங்கள் தருகிறோம், பாதி நீங்கள்." நல்லவேளை, 3,000 கிலோமீட்டருக்கு முன் செய்த சர்வீஸ் ரசீது இருந்தது. அதில் ஆயில் எந்த ரகம், எத்தனை லிட்டர் என்று அச்சாகியிருந்தது. அதை இணைத்து, ஃபில்டர் படத்தையும் இணைத்து, முகவருக்கும் தயாரிப்பாளரின் வட்டார அலுவலகத்துக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்பினேன். கோபமாக ஒரு வரிகூட எழுதவில்லை, தேதியும் எண்ணும் மட்டும்தான். ஒன்பது நாளில் முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள்.

வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தேன். உத்தரவாதம் போய்விட்டதா?

அதனால் மட்டுமே போகாது. முன்பு வெளியே சர்வீஸ் செய்தால் உத்தரவாதம் போகும் என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். 2017 டிசம்பரில் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை ஆணையத்தின் தலையீட்டுக்குப் பிறகு, முன்னணிக் கார் முகவர்கள் அந்தக் கட்டுப்பாட்டை நீக்க ஒப்புக்கொண்டார்கள். வெளிப் பட்டறை செய்த வேலையால்தான் பழுது வந்தது என்றால் மறுக்கலாம், வெளியே போனதற்காகவே மறுக்கக்கூடாது என்பதுதான் அதன் சாரம். ஆனாலும் ரசீது வேண்டும். "அண்ணே, ரசீது வேணாம், இருபது வெள்ளி கம்மி பண்ணு" என்கிற பழக்கத்தை உத்தரவாதக் காலத்தில் விட்டுவிடுங்கள். ரசீதில் வண்டி எண், கிலோமீட்டர், ஆயில் ரகம் மூன்றும் இருக்க வேண்டும்.

இன்ஜின் கணினியில் வேகத்துக்காக ட்யூனிங் செய்திருந்தால் கதை வேறு. பழையபடி மாற்றிவிட்டுக் கொண்டுபோனாலும் பல வண்டிகளில் தடயம் இருக்கும்.

என் வண்டி இணை இறக்குமதியாளரிடம், அதாவது அதிகாரபூர்வ முகவராக இல்லாமல் தனியாக இறக்குமதி செய்து விற்பவரிடம், வாங்கியது. தயாரிப்பாளரின் அதிகாரபூர்வ முகவர் பார்ப்பாரா?

உத்தரவாதக் கணக்கில் பெரும்பாலும் பார்க்கமாட்டார். உங்களுக்கு உத்தரவாதம் தந்தது இறக்குமதியாளர், அல்லது அவர் பணம் கட்டிய உத்தரவாத நிறுவனம். ஒரு கோரிக்கைக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று அந்தத் தாளில் இருக்கும். இன்ஜின் விலை அந்த வரம்பைத் தாண்டினால் மிச்சம் உங்களுடையது. வாங்கும்போது இதைப் படிப்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிசயம்.

மழைத் தண்ணீரில் இறங்கி நின்றுவிட்டது. ஃபோர் வீல் டிரைவ்தானே, தாங்க வேண்டாமா?

நான்கு சக்கரமும் சுழல்வதற்கும் இன்ஜின் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. காற்று உள்ளே போகும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் வண்டியின் தைரியம். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் புகுந்தால் பிஸ்டன் அதில் மோதி, பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அதற்குமேல் ஸ்டார்ட் செய்து பார்த்தால் இன்னும் கெடும்.

உத்தரவாதம் இதற்கு வராது. முழுக் காப்புறுதி வரலாம், உங்கள் பாலிசியில் வெள்ளம் அடங்கினால். தண்ணீர் இல்லாமல் தானாகக் கெட்ட இன்ஜினுக்குக் காப்புறுதி வராது. இரண்டையும் குழப்பிக்கொண்டு இரண்டு இடத்திலும் தப்பான கதை சொல்லி மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

வாரக்கணக்கில் பட்டறையில் கிடக்கிறது. மாற்று வண்டி கேட்கலாமா?

கேளுங்கள். உத்தரவாதத் தாளில் இல்லாவிட்டாலும் கொடுத்திருக்கிறார்கள். கேட்கும்போது கணக்கோடு கேளுங்கள். சிஓஇ, அதாவது வண்டியைப் பத்து வருஷம் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ், 100,000 வெள்ளிக்கு எடுத்திருந்தால், பத்து வருஷம் என்பது சுமார் 3,650 நாள், நாளொன்றுக்கு 27 வெள்ளி. பதினொரு வாரம் வண்டி நின்றால் சிஓஇ மட்டுமே 2,100 வெள்ளிக்குக் கரைகிறது. சாலை வரி, காப்புறுதி, கடன் தவணை தனி. "ரொம்பச் சிரமமாக இருக்கிறது" என்று நான் எழுதியபோது பதில் வரவில்லை. இந்தக் கணக்கை எழுதியபோது ஒரு சின்னக் காரைக் கொடுத்தார்கள்.

இன்ஜினையே மாற்றுகிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

புதியதா, புதுப்பித்ததா, முழு இன்ஜினா, கீழ்ப்பாதி மட்டுமா என்று கேளுங்கள். டர்போவும் ஆயில் கூலரும் பழையதையே மாட்டுகிறார்கள் என்றால், உள்ளே தங்கிய உலோகத்தூள் புது இன்ஜினுக்கும் போகும். அதை எழுத்தில் கேளுங்கள். இன்ஜின் எண் மாறுவதால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவிலும் மாற்ற வேண்டும். அதை யார் செய்கிறார்கள் என்று தெளிவாக்கிக்கொள்ளாவிட்டால் விற்கும் நாளில் தலைவலி.

எவ்வளவு பேசியும் மறுக்கிறார்கள். அடுத்து?

முதலில் சட்டம். 2012 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் லெமன் சட்டம், அதாவது குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் சட்டம், நடப்பில் இருக்கிறது. வண்டி கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்தல் அல்லது மாற்றித் தருதல், அது நியாயமான காலத்தில் நடக்காவிட்டால் விலைக்குறைப்பு அல்லது பணம் திரும்ப. வணிகரிடம் வாங்கிய பழைய வண்டிக்கும் இது பொருந்தும், தனி ஆளிடம் வாங்கியதற்குப் பொருந்தாது. சாதாரணத் தேய்மானத்தையும் குறை என்று சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்குப் பிறகு நிரூபிக்கும் பாரம் நம்முடையது. செம்புத்தூள் படத்தைப் பற்றி நான் இவ்வளவு பேசியது அதற்காகத்தான்.

அப்புறம், கேஸ் என்று எல்லாரும் சொல்கிற சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கம். அவர்கள் கடிதம் போய்ச் சேர்ந்ததுமே பாதி விவகாரம் பேச்சுக்கு வந்துவிடும். அதிலும் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் வைக்க முடியாது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் தடுமாறுகிற என் போன்றவர்களுக்கு அதுதான் பெரிய நிம்மதி, எதிர்த்தரப்பும் வழக்கறிஞரைக் கொண்டுவர முடியாதே.

உத்தரவாதம் முடிந்து இரண்டே மாதம் ஆகிறது. கதவு அடைத்துவிட்டதா?

நல்லெண்ண உதவி என்று ஒன்று கேட்டுப் பாருங்கள். உரிமையாகக் கேட்க முடியாது. தவறாமல் சர்வீஸ் செய்த ரசீதுகளும் குறைந்த கிலோமீட்டரும் இருந்தால் சாமான் விலையில் ஒரு பகுதியையாவது ஏற்றுக்கொள்வது உண்டு. முதல் மறுப்பு பெரும்பாலும் முன்மேசையிலிருந்து வரும். அதற்கு மேல் யார் என்று கேட்டு அவருக்கு எழுதுங்கள்.

நீங்கள் இன்னும் அதே வண்டியையா ஓட்டுகிறீர்கள்?

அதேதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பழைய துணியோடு கீழே இறங்கி ஆயில் குச்சியை உருவிப் பார்க்கிறேன், படமும் எடுக்கிறேன். மாதம் ஒருமுறை காரணமே இல்லாமல் துவாஸ் வரை ஓட்டிவிட்டு வருகிறேன். டிபிஎஃப்க்கு என்று நான் சொல்கிறேன், மனைவி நம்புவதில்லை. மாச்சாப் பலகை தெரியும்போதெல்லாம் பின்னிருக்கையிலிருந்து அம்மா, "சத்தம் வருதா பாரு" என்பார்கள். ரேடியோவைக் குறைத்துவிட்டு எல்லாரும் கேட்போம்.